சதுர அடைப்புக்குள்

சீரியலில் அழுகிறவர்களுக்கு
இங்கிலீஷில் பெயர் வைப்பது என் வேலை.
காது கேளாதவர்கள் படிக்க,
திரையின் அடியில், சதுர அடைப்புக்குள்.
நிமிடத்துக்குப் பதினெட்டு ரூபாய்.
குகையில், விசைத்தறிக் கூடம் ஒன்றின் மாடியில்
உட்கார்ந்து செய்கிறேன்.

பெங்களூர்க் கம்பெனியின் விதி:
ஒரு காட்சியில் ஒரே சொல்
மூன்று முறைக்கு மேல் வரக்கூடாது.
மருமகளோ பதினோரு முறை அழுகிறாள்.
அதனால் சுவரில் ஒரு பட்டியல்,
கரண்டு அட்டைக்குப் பக்கத்தில்.

சாப் என்றால் தேம்பல்.
விம்பர், விம்மலின் வாசல்வரை வந்து
உள்ளே வராமல் நின்றுவிடும்;
நாய்க்குட்டிக்கும் அதே சொல்தானாம்.
வெய்ல், கதறல். ஸ்பெல்லிங் பிசகினால் திமிங்கலம்.
பிசகியிருக்கிறேன். ஒரு மாமியார்
எபிசோடு முழுக்கத் திமிங்கலமாக இருந்தாள்,
யாரும் புகார் சொல்லவில்லை.
பால் என்பது வாய் பிளந்து அலறுவது.
நம் ஊரில் பாலுக்கழுத பிள்ளை ஏதோ
கப்பலேறிப் போயிருக்க வேண்டும்.
மோன் என்றால் முனகல்.
என் காதில் அது மோனம் என்றே விழுகிறது.
டியர் என்று படித்தால் கண்ணீர்,
டேர் என்று படித்தால் கிழிசல்,
எழுத்து ஒன்றுதான்.
அதை மட்டும் யாரோ
பட்டுத் தெரிந்து செய்திருக்கிறார்கள்.

கேவலுக்கு இன்னும் அகப்படவில்லை.
அழுது ஓய்ந்த பிறகும்
மூச்சு மட்டும் படி தடுக்கி விழுமே, அது.
கேட்டு எழுதினேன். ஹிக்கப் போடு என்றார்கள்.
அது விக்கல்.

அக்கா அம்சவேணிக்குப் பிறவியிலேயே காது கேட்காது.
நான் எழுதுவதை முதலில் படிப்பவள் அவள்தான்.
எல்லாரும் ஒரே மாதிரிதான் வாயைத் திறக்கிறார்கள்,
நீ ஏன் வேறு வேறாக எழுதுகிறாய் என்று
கையால் கேட்பாள்.
காசுக்கா என்று கட்டைவிரலைத் தேய்ப்பாள்.

புதன்கிழமை, விடியவில்லை.
தோளைப் பிடித்து உலுக்கினாள்.
தரை நின்றுவிட்டது என்றாள்.
கரண்டு போயிருக்கும், படு என்றேன்.
தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்த
ஃபேனைக் காட்டினாள்.

கீழே, மூன்றாம் தறிக்கும் நாலாம் தறிக்கும் நடுவே
குழந்தைவேலு அண்ணன்
தார்க்குச்சிகள் மேல் சாய்ந்து கிடந்தார்.
மற்ற தறிகளை யார் நிறுத்தியது தெரியவில்லை.
பாவாயி அக்கா
முதலில் அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.
பிறகுதான்:
நூலறுந்தா முடிஞ்சு ஓட்டுவியே சாமி,
மூச்சறுந்த எடத்துல நான் எதை முடிய?
முடிய என்ற இடத்தில் குரல் ஏறி,
ஏறின இடத்திலேயே நின்றது.

எப்படி இருக்கிறது என்று
என்னைப் பார்த்து உள்ளங்கையைத் திருப்பினாள் அம்சவேணி.
சுவரில் இருபத்து மூன்று சொற்கள் இருந்தன.
என் கை எழும்பி, பாதியில் இறங்கியது.
அவள் காத்திருக்கவில்லை.
போய் உட்கார்ந்து
பாவாயி அக்காவின் முதுகில் கையை அழுத்தி வைத்தாள்,
தினமும் தரையில் பாதம் வைப்பதுபோல.
கொஞ்ச நேரம் கழித்து
அவள் தொண்டையிலிருந்தும் ஒன்று வந்தது.
வாசலில் படுத்திருந்த நாய்
எழுந்து, தள்ளிப்போய்ப் படுத்தது.

காக்காயன் சுடுகாட்டுக்குப் போய் வந்து
குளித்தபோது மணி ஏழு.
எபிசோடு நானூற்றுப் பன்னிரண்டு ஒன்பதுக்குள் போக வேண்டும்.
மருமகள் நாலு நிமிடம் இருபது விநாடி அழுதாள்.
கிளிசரின் நல்ல ரகம்.
கடைசி அழுகைக்கு, அடைப்புக்குள்,
தறி நிற்கிறது என்று
இங்கிலீஷில் அடித்து அனுப்பிவிட்டேன்.

பத்தே கால் மணிக்குப் பதில் வந்தது:
இந்தக் காட்சியில் தறி ஏதும் இல்லையே,
சரிபார்க்கவும்.

சரிபார்த்தேன்.
இல்லைதான்.
வெய்ல் என்று மாற்றினேன்,
ஸ்பெல்லிங்கை இருமுறை பார்த்து.